பாயசத்துக்கு முன் எழுந்தது

மயிலாடியில் வண்டிக்குக் கல் ஏற்றும் வேலையில் என் இடுப்பு போயிற்று. மிஷன் ஆஸ்பத்திரியில் வெள்ளைக்கார டாக்டர் முதுகின் அடியைக் கீறி, எலும்புகளுக்கு நடுவே பிதுங்கி நின்ற, நண்டுச் சதை போன்ற ஒரு துண்டை எடுத்தார். வலி விட்டது. சில வருடங்களில் வேறு விதமாகத் திரும்பி வந்தது. இடது பாதம் மரத்துப்போனது. செருப்பு கழன்று விழுந்தால் நாலு வீடு தாண்டித்தான் தெரியும். சம்மணமிட்டு உட்கார்ந்தால் சற்று நேரத்தில் இடுப்பிலிருந்து குதிகால்வரை காய்ச்சிய கம்பி ஓடும்.

இதை யாரிடமும் சொல்லவில்லை. கொல்லம், கொழும்பு என்று சுற்றித் திரிந்தவனைத் தங்கையின் புருஷன் ஏற்கெனவே மதிப்பதில்லை. அவர்கள் மகள் கல்யாணத்துக்கு அஞ்சுகிராமம் போனபோது, முழு ஆளாகத் தெரிய வேண்டுமென்று, மாப்பிள்ளை வீட்டார் வந்திறங்கும் நேரம் பார்த்து சாம்பார் உருளியை ஒரு பக்கம் பிடித்துத் தூக்கினேன்.

தாலி கட்டு முடிந்தது. பெண்ணின் தாய்மாமன் என்பதால் மாப்பிள்ளையின் அப்பாவுக்குப் பக்கத்தில் எனக்கு இலை போட்டார்கள். எங்கள் ஊர்ப்பக்கம் பந்தியிலிருந்து ஒருவன் பாதியில் எழுந்தால் அது சண்டைக்கு அழைப்பு. பாயசம்வரை தாங்கிவிடலாம் என்று பல்லைக் கடித்தேன். ரசம் ஊற்றும்போதே கம்பி ஓடத் தொடங்கியது. சுவரைப் பிடித்து எழுந்துவிட்டேன்.

"என்ன ஓய், எங்க கூட இருந்து உண்ணப் பிடிக்கல்லியா?" என்றார் மாப்பிள்ளையின் அப்பா.

"முதுகு வலி."

"காலம்பற உருளி தூக்குன ஆளுக்கா? நல்ல கதை."

அவரும் எழுந்தார். வரிசை முழுக்க எழுந்தது. பெண்ணை அழைத்துப் போகாமலே வண்டி பூட்டச் சொல்லிவிடுவார் என்று எல்லோருக்கும் தெரிந்தது.

தங்கை அடுக்களையிலிருந்து ஓடிவந்தாள். "எனக்க பிள்ளைக்க வாழ்க்கை, அண்ணா. என்ன செய்து வச்சிருக்க?"

சட்டையைத் தூக்கிப் பந்தலுக்கு முதுகைக் காட்டினேன். சாக்கு வாயைத் தைத்தது போன்ற தழும்பு. கால் மரத்ததையும் சொன்னேன். மாப்பிள்ளையின் அப்பா நெருங்கி நின்று என் முகத்தையே பார்த்தார்.

"தெரியுதா ஓய்?"

"என்னது?"

குனிந்து பார்த்தேன். என் இடது பாதத்தை அவர் அழுத்தி மிதித்துக்கொண்டிருந்தார்.

காலை எடுத்துக்கொண்டார். "ஏலே, எல்லாருக்கும் புது இலை போடுங்க. இவருக்கு ஒரு உரலக் கொண்டாங்க."

கவிழ்த்த உரலில் உட்கார்ந்து, முக்காலியில் இலை விரித்து, தரையிலிருந்த அத்தனை தலைகளுக்கும் மேலே தெரியும்படி சாப்பிட்டேன். மணப்பெண் கதவோரம் நின்று பார்த்தாள். நான் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தங்கையின் புருஷன் பாயசம் கொண்டுவந்தார்.

"இன்னும் கொஞ்சம் விடட்டா, மச்சான்?"

அதுவரை அவர் என்னை அப்படிக் கூப்பிட்டதில்லை. தலை நிமிராமல் குடித்தேன்.

பெண்ணை வண்டியேற்றியதும் நானும் கிளம்பினேன். ஊர் எல்லை தாண்டிய பிறகுதான் ஒற்றைச் செருப்பைக் காணோம் என்று கவனித்தேன். தேடித் திரும்பவில்லை.