கடன் இல்லாத படிப்பு

பிளஸ் டூ ரிசல்ட் வந்த வாரம் எங்கள் வீட்டில் ஓடிய பேச்சு ஒன்றே ஒன்றுதான். அம்மா கரிமூட்டத்துக்குப் போவதை எப்போது நிறுத்துவது? என் படிப்பைப் பற்றிப் பேசியதெல்லாம் அதைச் சுற்றித்தான்.

அப்பா இறந்த பிறகு, எங்கள் ஊருக்கும் திருச்சுழிக்கும் நடுவில் இருக்கும் காடுகளில் சீமைக்கருவேல மரத்தை வெட்டி, கூம்பாக அடுக்கி, மண் போட்டு மூடி, தீ வைத்துக் கரியாக்கும் வேலைக்கு அம்மா போய்க்கொண்டிருந்தாள். மூட்டம் புகையும் நாட்களில் பக்கத்திலேயே நிற்க வேண்டும். மண்ணில் ஓட்டை விழுந்தால் உடனே அடைக்க வேண்டும், இல்லாவிட்டால் கரி கிடைக்காது, சாம்பல்தான் கிடைக்கும். அடைக்கிறவர் அந்தப் புகையைக் குடித்துத்தான் ஆக வேண்டும். அம்மா பேசிக்கொண்டே இருக்கும்போது இருமல் வரும். இருமி முடித்து, விட்ட இடத்திலிருந்து பேச்சைத் தொடருவாள். நானும் தங்கச்சியும் அதுவரை சும்மா காத்திருப்போம். அந்த அளவுக்கு எங்களுக்கு அது பழகிப்போயிருந்தது.

எனக்கு நர்ஸ் ஆக ஆசை. அதற்கு மூன்று வருடம் படிக்க வேண்டும். அருப்புக்கோட்டையில் ஒரு பேங்கில் லோன் கேட்டுப் பார்த்தோம். மேனேஜர் மரியாதையாகத்தான் பேசினார். ஜாமீன் போட ஆள் கேட்டார், அது இது என்று சில பேப்பர் கேட்டார், "யோசிச்சிட்டு வாங்கம்மா" என்று அனுப்பினார். என்னைப் பயமுறுத்தியது அவர் கேட்ட பேப்பர் இல்லை, அந்த மூன்று வருடம்தான். அவ்வளவு நாளும் அம்மா புகையில் நிற்பாளே.

அந்த நேரத்தில்தான் மதுரையில் ஒரு தனியார் நிறுவனத்தின் நோட்டீஸ் கைக்கு வந்தது. ஒரே வருடத்தில் மெடிக்கல் அசிஸ்டென்ட் சான்றிதழ். பிரஷர் பார்ப்பது, ரத்தம் எடுப்பது, ஈசிஜி, நோயாளிகளின் விவரத்தைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவது எல்லாம் சொல்லித் தருவார்களாம். ஃபீஸ் அறுபதாயிரம். முடித்தால் மாதம் பதினைந்தாயிரம் சம்பளம் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். எந்த ஊரில் பதினைந்தாயிரம், வாடகையும் சாப்பாடும் போக மிச்சம் என்ன என்பதைப் பொடி எழுத்தில்கூடப் போடவில்லை.

அதே படிப்பை முடித்து அருப்புக்கோட்டையில் வேலை பார்த்த ஒரு அக்காவைத் தேடிப் போய்க் கேட்டேன். "நோட்டீஸ்ல போட்டதுல பாதி தருவாக. லீவு எடுத்தா அதுலயும் பிடிப்பாக" என்றார். சரி, பாதி என்றே வைத்துக்கொண்டேன். மகளிர் குழுவில் கடன் வாங்கினால், வேலைக்குச் சேர்ந்ததும் தவணையைக் கட்டிக்கொண்டே அம்மாவையும் வீட்டில் உட்கார வைக்கலாம், கொஞ்சம் இழுபறியாக இருக்கும், ஒன்றரை வருடத்தில் தலை நிமிர்ந்துவிடலாம். என் கணக்கில் இன்றைக்கும் பிழை சொல்ல முடியாது.

அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. பக்கத்து வீட்டு அத்தை குழுவில் வாங்கிய கடனுக்குத் தவணை தவறியபோது, வசூலுக்கு வந்தவன் வாசலில் பைக்கை நிறுத்திக்கொண்டு தெருவுக்கே கேட்கும்படி பேசியதை அவள் பார்த்திருந்தாள்.

"கடன்காரன் நம்ம வாசல்ல வந்து நிக்கக் கூடாதுத்தா. அதவிட நான் புகையிலயே கெடந்துட்டுப் போறேன்" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து அவளே சொன்னாள்: "ஒன் தங்கச்சிக்கு விசேசம் வச்சிருவோம். ஊரு ஒலகத்துக்கெல்லாம் மொய் செஞ்சு வச்சிருக்கேன். எல்லாம் நம்ம காசுதான, திரும்பி வரட்டும்."

தங்கச்சி வயதுக்கு வந்து ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. அப்போது கையில் காசில்லாமல் வீட்டோடு தண்ணீர் ஊற்றி முடித்திருந்தோம். தள்ளிப்போட்ட சடங்கை வசதிப்பட்டபோது வைப்பது எங்கள் பக்கம் புதிதில்லை. ஆனால் அவள் பத்தாம் வகுப்புப் படிக்கிற பெண். "இப்பப் போயி மேடையில உக்காரச் சொல்ற. எங்கூடப் படிக்கிற பயலுக எல்லாம் போஸ்டரப் பாப்பானுகம்மா" என்று அழுதாள். மறுநாள் என்னிடம் வந்து, "நீ படிச்சாத்தான அம்மா மூட்டத்துக்குப் போறத நிப்பாட்டும்? சரி, உக்காருறேன்" என்றாள். அவளை மாதிரி ஒருத்தி எனக்குத் தங்கச்சியாகப் பிறந்ததற்கு நான் என்ன செய்தேன் என்று தெரியவில்லை.

பந்தல்குடியில் இருந்து மாமா, அம்மாவின் தம்பி, சீர்த்தட்டுகளோடும் கொட்டோடும் வந்தார். லாரி ஓட்டுகிறவர். மாமாவோடு வந்த அவர் மனைவியின் காதில் தோடு இல்லாததை நான் பார்த்தேன், அம்மாவும் பார்த்தாள், இரண்டு பேருமே பார்க்காத மாதிரி இருந்துகொண்டோம். மண்டபத்தில் ஒவ்வொரு மொய்யையும் மைக்கில் வாசித்தார்கள். ஒவ்வொரு பெயருக்கும் அம்மாவின் முகம் மலர்ந்தது. கிடாக்கறிக்கும் மண்டபத்துக்கும் போக, ஃபீஸுக்கு வேண்டியது கையில் நின்றது. "பாத்தியா, ஒத்த ரூவா கடனில்ல" என்றாள். அன்றைக்கு அவளைப் போலச் சிரித்த ஆள் அந்த மண்டபத்தில் இல்லை.

ஒரு வருடம் காரியாபட்டி வழியாக மதுரைக்குப் பஸ்ஸில் போய் வந்தேன். நின்றுகொண்டே படித்தேன், நின்றுகொண்டே தூங்கவும் செய்தேன். முடித்ததும் அருப்புக்கோட்டையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்தது. சம்பளம் அந்த அக்கா சொன்னபடியேதான். முதல் மாதப் பணத்தை அம்மா கையில் கொடுத்து, "இனிமே மூட்டத்துக்குப் போகாத" என்றேன். "சரித்தா" என்றாள். அதை நான் நம்பினேன்.

ஆனால் அந்த மாதமே வாசலில் ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். யாரும் சத்தம் போடவில்லை. தட்டில் வெற்றிலை பாக்கு, மேலே பத்திரிகை. "குடும்பத்தோட வந்துரணும்" என்று சிரித்த முகம். எங்கள் விசேஷத்தில் மொய் செய்த அத்தனை பேர் வீட்டிலும் ஒரு கல்யாணமோ காதுகுத்தோ காத்திருந்தது. அம்மா பல வருடமாக ஐம்பதும் நூறுமாகச் செய்திருந்தாள், அவர்கள் ஐந்நூறும் ஆயிரமுமாகத் திருப்பியிருந்தார்கள். கூடுதலாக வந்தது எங்கள் காசு இல்லை, அவர்கள் காசு. அதைத் திருப்பும்போது நாங்களும் கொஞ்சம் கூட்டித்தான் வைக்க வேண்டும். குழுக் கடனுக்காவது கடைசித் தவணை என்று ஒன்று உண்டு, வசூலுக்கு வருகிறவனைத் திட்டவாவது முடியும். தாம்பூலத்தோடு வந்து, "நல்லா இருக்கியாத்தா?" என்று கேட்கிறவரை எப்படித் திட்டுவது?

ஆவணியில் என் சம்பளம் முழுவதும் போனது. தை பிறந்ததும் அது போதவில்லை. நான் டியூட்டிக்குக் கிளம்பிய பிறகு அம்மா தலையில் துணியைக் கட்டிக்கொண்டு காட்டுக்குப் போக ஆரம்பித்திருந்தாள். தங்கச்சிதான் சொன்னாள். அன்றைக்கு நான் அம்மாவிடம் கத்தினேன். "ஒரு வீட்டுக்குப் போகாம இருந்தா என்ன, தலையவா எடுத்துருவாக?"

"அவுக நம்மள நம்பிச் செஞ்சவுகடி. போகாம இருந்தா, நாளைக்கு ஒங் கல்யாணத்துக்கு எவ வந்து நிப்பா?"

கல்யாணமே வேண்டாம் என்றேன். அவள் இருமினாள்.

போன பங்குனியில் ஒரு நாள் காலை, நான் ஓ.பி.யில் பிரஷர் பார்த்துக்கொண்டிருந்தபோது, அம்மா தனியாகப் பஸ் ஏறி ஆஸ்பத்திரிக்கு வந்து நின்றாள். விசேஷத்துக்குக் கட்டும் சேலையைக் கட்டியிருந்தாள். மூச்சு இழுத்துக்கொண்டு வந்தது. நானே நெபுலைசர் மாஸ்க்கை முகத்தில் வைத்து எலாஸ்டிக்கை மாட்டினேன். கூட வேலை பார்க்கும் பெண்கள் வந்து, "அக்காவோட அம்மாவா?" என்று சுற்றி நின்றார்கள்.

கொஞ்சம் மூச்சு விட முடிந்ததும் டாக்டர் கேட்டார், "என்ன வேலை பாக்குறீங்கம்மா?"

அம்மா மாஸ்க்கை விலக்கினாள். "வேலைக்கெல்லாம் போறதில்ல சார். வீட்டுலதான் இருக்கேன். எம் மக சம்பாதிக்குதுல்ல, அதான் நிப்பாட்டிருச்சு."

சத்தமாகச் சொன்னாள். பெண்கள் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். டாக்டர் தூசி அலர்ஜி என்று எழுதிவிட்டு, "புகை கிகை எதுவும் இல்லையே?" என்று என் பக்கம் திரும்பினார்.

பொய் சொல்ல முடியவில்லை. மருந்து தப்பாகிவிடும். "கரிமூட்டம் சார். வருசக்கணக்கா" என்றேன். அம்மா மாஸ்க்கைத் தானே மறுபடியும் வைத்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டாள். டாக்டர் எழுதியதை அடித்துவிட்டு வேறு எழுதினார். இனிமேல் புகைப் பக்கமே போகக் கூடாது, நுரையீரல் கெட்டுப்போயிருக்கிறது, போனது திரும்பாது என்றார்.

பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கூடப் போனேன். பஸ் வந்ததும் சொன்னாள்.

"அந்தப் பிள்ளைக முன்னாடி சொல்லிட்டியேத்தா. ஒஞ் சம்பளத்துல உக்காந்து சாப்புடுறேன்னு ஒரு நாளாச்சும் வாயால சொல்லிப் பாப்பமேன்னு நெனச்சேன்."

மருந்துப் பையை அவள் கையில் கொடுத்தேன். அவள் அதை இடுப்பில் செருகிக்கொண்டு, "நாளைக்கு மூட்டம் பிரிச்சுக் கரி அள்ளணும், வாரேன்" என்று சொல்லிப் பஸ் ஏறினாள்.