நான் மூடிய கிணறுகள்

துணியில் ஒட்டிய அந்தப் பழைய கிராம மேப்பைப் பிரித்தால் முதலில் பாச்சை உருண்டை வாசம் வரும். அப்புறம் காய்ந்த பசை வாசம். ஸ்கேனர் கண்ணாடியில் வைத்து மூடியை அழுத்தினால் இரண்டும் சூடாகி முகத்தில் அடிக்கும்...

பாலிடெக்னிக்கை இரண்டாம் வருஷத்தில் விட்டவள் நான். பெரிய காரணமெல்லாம் இல்லை. உட்கார முடியவில்லை, அவ்வளவுதான். அப்புறம் திருப்பூர் அனுப்பர்பாளையத்தில் ஒரு பிரிண்டிங் யூனிட். பனியனில் அடிக்கிற டிசைனை கம்ப்யூட்டரில் கிளீன் பண்ணும் வேலை. அதையும் ஒன்பது மாதத்தில் விட்டேன்.

அடுத்து வந்து சேர்ந்தது ஒரு சின்ன நூலகத்தில்.

அங்கே ஸ்டெல்லா அக்காதான் நூலகர். தூத்துக்குடிக்காரர். வீட்டுக்காரருக்கு நிட்டிங் கம்பெனியில் வேலை என்பதால் திருப்பூர் வந்தவர். பிராட்பேண்ட் வந்த புதிது. அக்காவுக்கு ஒரு ஆசை. வெளிநாட்டில் இருப்பவர்கள் ஊர் பெயரை மெயிலில் அனுப்பினால், அந்த ஊரின் பழைய மேப்பை நாம் படமாக அனுப்ப வேண்டும், நூலக வெப்சைட்டிலும் போட வேண்டும்.

சர்வேயராக இருந்து இறந்துபோன ஒருவரின் குடும்பம், இருபத்தாறு கிராம மேப்புகளை ஒரே ஒரு மாதத்துக்குக் கொடுத்திருந்தது. அதற்குள் ஸ்கேன் பண்ணித் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். அவர்கள் பெங்களூருக்கே குடி போகிறார்கள்.

சின்ன ஸ்கேனர். ஒரு மேப்புக்குப் பன்னிரண்டு துண்டு. ஒட்டி, சேர்த்து, சுத்தம் பண்ணி, மூன்றே வாரத்தில் முடித்தேன். அவ்வளவு பளிச். எனக்கே என்மேல் மரியாதை வந்தது.

நாலாவது வாரம், செவ்வாய்க்கிழமை, வெள்ளகோவில் பக்கத்திலிருந்து ஒருவர் வந்தார். சட்டைப் பையில் நாலாக மடித்த பிரிண்ட் அவுட்.

"ஏனுங்க கண்ணு, இந்தப் படம் போட்டது நீங்களுங்களா?"

"ஆமாங்க."

"எங்க தோட்டத்துல கெணறு இருந்துச்சுங்க. இதுல காணமுங்களே."

"மேப் போட்டவங்க விட்டிருப்பாங்க," என்றேன். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"விட்டிருக்க மாட்டாங்க கண்ணு. அம்பதடிக் கெணறுங்க." பிரிண்ட் அவுட்டைப் பிரித்து என் முன்னால் வைத்தார். "தோட்டத்த வித்துப்போட்டமுங்க. வாங்குனவங்க கெணத்தையும் மூடிப்போட்டாங்க. எம்பொண்ணு சிங்கப்பூர்ல இருக்கறா. அவதான் இதை எடுத்து அனுப்புனா. 'கெணறு எங்கீங்கப்பா?'ன்னு கேக்கறா... படத்துலயாவது இருக்கும்னு நெனச்சனுங்க."

அவர் சொல்வது தப்பு என்று காட்டத்தான் மேப் கட்டைப் பிரித்தேன். அவர் ஊர் மேப்பை மேஜையில் விரித்தேன்.

அவர் விரல் நேராகப் போய் ஒரு இடத்தில் நின்றது. சின்னக் கறுப்புப் புள்ளி.

அதைச் சுற்றி இன்னும் ஏழெட்டுப் புள்ளிகள். என் ஸ்கிரீனில் அந்த இடமெல்லாம் சுத்த வெள்ளை.

பிரிண்டிங் யூனிட்டில் எனக்குச் சொல்லிக்கொடுத்ததே ஒன்றுதான். புள்ளி தெரிந்தால் அழி. வெள்ளை பனியனில் ஒரு கறுப்புப் புள்ளி விழுந்தால் பீஸ் ரிஜெக்ட். கை அதற்குப் பழகிவிட்டது. பூச்சி எச்சம், மைத்தெறிப்பு, கிணறு... எல்லாவற்றையும் ஒரே மாதிரி துடைத்திருக்கிறேன். இருபத்தாறு ஊரிலும். போதாததற்கு, ஹார்ட் டிஸ்கில் இடமில்லை என்று பழைய ஸ்கேன் மேலேயே சேவ் பண்ணியிருக்கிறேன். சனிக்கிழமை ஒரிஜினல் போய்விடும்.

பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடலாம் என்றுதான் தோன்றியது. எனக்கு அது புதுசு இல்லையே.

அவர் இன்னும் அந்தப் புள்ளிமேல் வைத்த விரலை எடுக்கவில்லை... நான் உள்ளே போய் அக்காவிடம் சொன்னேன்.

அக்கா மேப்பைப் பார்த்தார். ஸ்கிரீனைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"ஏ பிள்ள, எங்கூர்ல ஒரு கெணத்த மூடணும்னா லாரி லாரியா மண்ணு அடிக்கணும். நீ மவுச வச்சே இருவத்தாறு ஊரு கெணத்தையும் மூடிட்டியே!"

நான் அழுதுவிட்டேன்.

"அழுது என்னத்துக்கு? வந்திருக்க அண்ணாச்சி ஊர மொதல்ல எடு. மத்தத வரிசையா பாப்போம்."

அன்றைக்கே அவர் கிணற்றோடு மேப்பை மகளுக்கு அனுப்பினோம். "வர்றனுங்க சாமி," என்று அக்காவைப் பார்த்துக் கும்பிட்டார். அக்காவுக்கு வெட்கம். "என்னையப் போயி சாமிங்காரு!" என்று அன்றைக்கு முழுக்கச் சிரித்தார்.

அப்புறம் நாலு நாள். கரண்ட் போகும், வரும். அக்கா மேப்பைப் பிடிக்க, நான் ஸ்கேன் பண்ண... ஒட்டுவதெல்லாம் அப்புறம், முதலில் துண்டுகளை எடுத்துவிடு என்றார். சனிக்கிழமை காலை இருபத்தைந்து முடிந்தது. கடைசி மேப், கணியூர் பக்கத்தில் ஒரு சின்ன ஊர். கண்ணாடியில் வைக்கும்போது கரண்ட் போனது. கரண்ட் வருவதற்குள் சர்வேயர் வீட்டுக் கார் வந்துவிட்டது.

ஒரு மணி நேரம் கேட்டோம். "லாரில சாமான் ஏத்தியாச்சுங்க, கோவிச்சுக்காதீங்க," என்று சொல்லிவிட்டுக் கட்டை எடுத்துப் போனார்கள்.

அந்த ஊர் மேப்பை வெப்சைட்டிலிருந்து எடுத்துவிடலாம் என்றேன். அக்கா விடவில்லை. அதன் கீழே இப்படி டைப் பண்ணச் சொன்னார்: "இந்தப் படத்தில் கிணறுகள் அழிந்துவிட்டன. தவறு எங்களுடையது. தெரிந்தவர்கள் எழுதவும்."

எனக்கு மானம் போன மாதிரி இருந்தது. யார் எழுதப் போகிறார்கள்?

எழுதினார்கள். ரெண்டாவது வாரத்திலிருந்து மெயில் வந்தது. வந்ததை அப்படியே படத்துக்குக் கீழே போட்டோம். துபாயிலிருந்து ஒருவர்: "கோயிலுக்குக் கிழக்கால எங்க கெணறு. படி பன்னண்டு." இன்னொருவர் அதற்குப் பதிலாக: "பன்னண்டு இல்லீங்க, பதினாலு. ரெண்டு தண்ணிக்குள்ள இருக்கும்." ஒரு அம்மா, மகனை விட்டு எழுதச் சொல்லியிருந்தார்: "எங்க ஊட்டுக் கெணத்துல வெள்ளிக் கொலுசு கெடக்குது. அதையும் போட்டுக்குங்க."

ஒவ்வொரு கிணறாக, அவர்கள் சொன்ன இடத்தில், புள்ளி வைத்தேன். என் கையால். கொலுசுக் கிணற்றுக்கு மட்டும் புள்ளியைக் கொஞ்சம் பெரிதாக வைத்தேன். அந்த வேலையை மட்டும் நான் பாதியில் விடவில்லை. ஐந்து வருஷம் இருந்தேன்.

அந்த நூலகத்தின் வெப்சைட் இப்போது திறப்பதில்லை. அக்கா தூத்துக்குடிக்கே திரும்பிவிட்டார். போன வாரம் அந்தக் கணியூர் பக்கத்து ஊரைப் போனில், சேட்டிலைட் படத்தில், மேலிருந்து பார்த்தேன். ஒவ்வொரு வீட்டு மாடியும், காயப்போட்ட துணியும்கூடத் தெரிகிறது. தோட்டம் இருந்த இடமெல்லாம் நீலத் தகரக் கூரை.

எவ்வளவு பெரிதாக்கினாலும் தகரம்தான். பதினாலு படியா, பன்னண்டா என்று அதனிடம் யார் சண்டை போடுவது...