ரத்தம் சுத்தமா இருக்குக்கா

மாமா ஆஸ்பத்திரிக் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறார். வெள்ளைக்கார டாக்டர் கால்மாட்டில் நின்று பேசுகிறார். பேசிக்கொண்டே இருக்கிறார். நடுவில் ஒருமுறை கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடியும் பேசுகிறார். அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு தன் தம்பியான மாமாவின் உதட்டையே பார்க்கிறாள். டாக்டர் முடித்ததும் மாமா எங்கள் பக்கம் திரும்பிச் சொன்னது இவ்வளவுதான்: "ரத்தம் சுத்தமா இருக்குக்கா." எனக்கு அப்போது பத்து வயது. அத்தனை நீள இங்கிலீஷ் தமிழில் இத்தனை குட்டையாக ஆகுமா என்று அன்றைக்கே தோன்றியது. கேட்டிருந்தால் அம்மா என் தொடையைத் திருகியிருப்பாள். கேட்கவில்லை.

மாமா அம்மாவின் ஒரே தம்பி. காஜா பெராங் பகுதியில் எங்கள் வீட்டிலேயே தங்கி, டவுன் ஆஸ்பத்திரியில் டிரஸ்ஸராக இருந்தார். புண்ணுக்குக் கட்டுப் போடுவதும் ஊசி போடுவதும் சம்பளத்துக்கான வேலை. ரப்பர் தோட்டத்து லயக் குடியிருப்புகளிலிருந்து வரும் நம் ஆட்களுக்கு டாக்டரின் பேச்சைத் தமிழில் சொல்வது அவராகத் தலையில் போட்டுக்கொண்டது. கெட்ட செய்தியை அவர் அப்படியே சொன்னதில்லை. "முழுசா சொன்னா லயத்துக்குப் போய்ச் சேர்றதுக்குள்ள பயத்துலயே செத்துருவான்க்கா" என்று சிரிப்பார். அப்பேர்ப்பட்ட மனுஷனுக்கே வெளிக்குப் போகையில் ரத்தம் போயிருக்கிறது. மாதக்கணக்கில் வாயைத் திறக்கவில்லை. உடம்புச் சூடு என்று இளநீரும் பார்லித் தண்ணீருமாகக் குடித்துத் தள்ளியிருக்கிறார். ஊருக்கே மருந்து கொடுத்தவர்! ஒருநாள் வேலையிலேயே மயங்கி விழுந்தார். வயிற்றைக் கிழித்துப் பெருங்குடலில் இருந்த கட்டியை எடுத்தார்கள். அது புற்று என்றார்கள்.

அதனால்தான் அம்மா அன்றைக்கு, "ரத்தம் எப்படி இருக்குன்னு டாக்டர்கிட்ட கேளு தம்பி" என்று நச்சரித்தாள். ரத்தம் சுத்தமாகிவிட்டால் நோய் வேரோடு போயிற்று, பெண் பார்க்கலாம் என்பது அவள் கணக்கு. மாமாவின் வாயிலிருந்து அந்தச் சொல் வந்ததுதான் தாமதம், அம்மாவைப் பிடிக்க முடியவில்லை. பக்கத்தில் கம்போங் செட்டியில் அவளுக்கு ஒரு சிநேகிதி உண்டு. அங்கே செட்டிகள் வீட்டிலும் மலாய்தான் பேசுவார்கள், அந்த அம்மாளுக்குத் தமிழ் வராது. அவரிடம் தன் சந்தை மலாயில், "டாரா பெர்சே! டாரா பெர்சே!" என்று கத்திக்கொண்டு ஓடினாள். ரத்தம் சுத்தமாம், சுத்தமாம்! அந்த அம்மாள் ஒரு தூக்கு நிறைய நாசி லெமாக், தேங்காய்ப்பால் சோறு, கொண்டுவந்து மாமாவின் கையில் கொடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நாட்டுக்குச் சுதந்திரம் என்று தெருவில் லாரி லாரியாக ஆட்கள் மெர்டேக்கா, மெர்டேக்கா என்று கூவிக்கொண்டு போன நாட்கள் அவை. எங்கள் வீட்டுக்கு அது இரட்டைக் கொண்டாட்டம். தெங்கேராவில் பெண் பார்த்தார்கள். அத்தைக்குப் பத்தொன்பது வயது. மாமா வேண்டாம் என்று சொல்லவில்லை. தாலி கட்டும்போதும் சிரித்துக்கொண்டுதான் இருந்தார்.

அடுத்த வருஷமே கண் மஞ்சளாகி வயிறு உப்பிவிட்டது. தலை தீபாவளிக்கு அடுத்த தீபாவளியை அவர் பார்க்கவில்லை. பிணத்தை வாசலில் கிடத்தியிருந்தபோது அம்மா மாரில் அடித்துக்கொண்டு எல்லார் முன்னாலும் சொன்னாள்: "ரத்தம் சுத்தமா இருந்த புள்ளை! இவ காலு வச்சா, கொண்டுக்கிட்டுப் போய்ட்டா!" யாரும் மறுக்கவில்லை. எப்படி மறுப்பார்கள்? டாக்டரே சொன்ன சுத்தம் அல்லவா? அத்தை பெட்டியைத் தூக்கிக்கொண்டு தெங்கேராவுக்கே திரும்பினாள். வேறு கல்யாணம் செய்துகொள்ளவில்லை. என் கல்யாணத்துக்கு வந்தவள் சமையல்கட்டைத் தாண்டி வரவில்லை. மணவறையிலிருந்து எனக்கு அவள் தலை தெரிந்தது. நான் கூப்பிடவில்லை. அப்போது நான் தமிழ்ப்பள்ளி ஆசிரியை. மூடநம்பிக்கையை ஒழிப்போம் என்று பிள்ளைகளுக்குக் கட்டுரை கொடுத்துத் திருத்துகிறவள். வெட்கமாக இருக்கிறது, ஆனால் உண்மை அதுதான்: நானும் நம்பினேன்.

போன வருஷம் எனக்கும் அதே இடத்திலிருந்து ரத்தம். சூடு என்று நான் இளநீர் தேடிப் போகவில்லை, ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். கட்டியை வெட்டி எடுத்தார்கள். ஸ்கேனில் ஒன்றுமில்லை என்றார்கள். அப்புறம் அங்கிருந்த புற்றுநோய்ச் சிறப்பு டாக்டர், நம் தமிழ்ப் பையன்தான், இரண்டு குழாய் ரத்தம் எடுத்து அனுப்பினார். "கட்டியோட டிஎன்ஏ துணுக்கு ரத்தத்துல மிதக்கும் டீச்சர். ஆபரேஷனுக்கு அப்புறமும் அது இருந்துச்சுன்னா, ஸ்கேன்ல தெரியாம எங்கேயோ மிச்சம் ஒட்டிக்கிட்டு இருக்குன்னு அர்த்தம். திரும்பி வர வாய்ப்பு அதிகம். இல்லைன்னா வாய்ப்பு கம்மி. அப்பக்கூட வரவே வராதுன்னு சத்தியம் பண்ண முடியாது." முடிவு வந்த அன்று அவர் சுற்றி வளைக்கவில்லை. இருக்கிறது என்றார். கீமோ ஆரம்பிக்கலாம் என்றார். அதைக் கேட்டும் என் வாய் சும்மா இருக்கவில்லை. "இப்ப என்னமோ புதுசுங்கிறீங்க. மெர்டேக்கா சமயத்துலயே எங்க மாமாவுக்கு ரத்தத்தைப் பார்த்துப் புற்று போயிருச்சுன்னு சொன்னாங்களே?" என்றேன்.

அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "சான்ஸே இல்லலா டீச்சர். அப்பல்லாம் ரத்தத்துல சோகை இருக்கா, என்ன குரூப்புன்னு பார்ப்பாங்க. புற்று மிச்சம் இருக்கா இல்லையான்னு ரத்தத்தை வச்சு எந்த டாக்டரும் சொல்லியிருக்க முடியாது. யாரு சொன்னா?"

யார் சொன்னது? அடக் கடவுளே, டாக்டரா சொன்னார்? மாமா அல்லவா சொன்னார்! ரத்தம் சோகையில்லாமல் இருக்கிறது என்று அந்த நீள இங்கிலீஷில் எங்காவது ஒரு வரி இருந்திருக்கலாம். மீதியெல்லாம் என்ன? அதைத் தோட்டத்து ஆட்களுக்கு விழுங்குவதைப்போல அக்காவுக்கும் விழுங்கிவிட்டார். தனக்குத் தானே மறைத்துக்கொண்டாரோ என்னவோ, எனக்குத் தெரியாது. என் ரத்தத்தில் என்ன மிதக்கிறது என்பதே ஒரு கணம் மறந்துபோனது. எங்கள் குடும்பமே சேர்ந்து ஒரு பெண்ணின் தலையில் கட்டிய பழி, அந்த ஒரு பொய்யின் மேல்தான் நின்றுகொண்டிருந்தது.

மறுநாள் காலையிலேயே தெங்கேராவுக்குப் போனேன். அத்தைக்கு இப்போது எண்பத்தேழு. தங்கை மகன் வீட்டில் இருக்கிறாள். கீரை ஆய்ந்துகொண்டிருந்தவள் பக்கத்தில் உட்கார்ந்து, என் ரத்தத்தில் தொடங்கி மாமாவின் ரத்தம் வரைக்கும் ஒன்றையும் விழுங்காமல் சொன்னேன். அவள் கை நின்றுவிட்டது.

"அப்ப, என் கழுத்துல தாலி ஏறும்போதே அது உள்ள இருந்துச்சா?"

"இருந்திருக்கு அத்தை. வெட்டி எடுத்த அன்னைக்கே மிச்சம் இருந்திருக்கு. அதுதான் வளர்ந்துச்சு."

"நான் வந்ததுனால இல்லையா?"

"இல்ல அத்தை. சத்தியமா இல்ல."

அவள் தன் பாதங்களைக் குனிந்து பார்த்தாள். மன்னிச்சிடுங்க அத்தை என்று அவள் கையைப் பிடித்தேன். அவள் காதில் அது விழுந்ததாகவே தெரியவில்லை.

"இதை உங்கம்மாகிட்ட யாருடி சொல்றது?" என்றாள். "அவதான் போய்ச் சேர்ந்துட்டாளே."