உப்புத் தண்ணீர் வரை

ஒன்ராறியோவின் மில்லிக்கனில் ஒரு கராஜ், வெளியே மழை. எங்கள் பழைய கார் இன்று தங்கிச் செல்லும் கரவன் வண்டியை இழுத்துக்கொண்டு கிழக்குக் கடலுக்குப் போக வேண்டும். அப்பாவின் அஸ்தியை ஒன்ராறியோ ஏரியில் கரைக்க அம்மா சம்மதிக்கவில்லை. அது உப்புத் தண்ணீர் அல்ல. ஊர்க் கடலுக்கோ யுத்தம் வழிவிடவில்லை.

கரவனைக் கொளுவியதும் காரின் பின்புறம் தாழ்கிறது. பயணத்தில் இருப்பதுபோலவே எங்களை ஏறி அமரச் சொல்கிறார் மெக்கானிக். அண்ணா ஓட்டுநர் இருக்கையில். அம்மாவும் நானும் பின்னால். அண்ணாவுக்குப் பக்கத்தில், துணி சுற்றிய கலசம்.

"பின்னுக்குப் பாரம் கூடிப்போச்சு, அன்ரி. நீங்கள் முன்னுக்கு வாங்கோ. உந்தச் சாமானைப் பின்னுக்கு வைப்பம்."

"அது சாமானில்லைத் தம்பி, இவையின்ர அப்பா. அவர் ஒருநாளும் பின்சீற்றில இருந்ததில்லை."

மெக்கானிக் குனிந்து, பின் ஸ்பிரிங்குகளுக்குள் பாரம் தாங்கப் பொருத்திய காற்றுப் பைகளில் மேலும் காற்றடிக்கிறார். அம்மாவும் நானும் பின்சீற்றோடு மெல்ல மெல்ல உயர்கிறோம்.