இருக்கையில் இல்லை

கண்ட்ரோல் அக்கா வேலை நேரத்தில் அடிக்கடி எழுந்து போய்விடுகிறவர் என்று டாக்சி கம்பெனியின் பதிவு சொல்கிறது. பொய். அவருடைய மகன் நெட்வொர்க் வேலை பார்க்கிறவன். அந்தப் பொய் எங்கே பிறந்தது என்று அவனுக்குத் தெரியும்.

டிரைவர்களுக்குச் சவாரி பிரித்துக் கொடுப்பது அக்காவின் வேலை. கம்பெனி அலுவலக அறையைக் காலி செய்தபோது, ஒரு லேப்டாப்பையும் ஹெட்செட்டையும் கையில் கொடுத்து வீட்டுக்கு அனுப்பியது. சமையலறை வாசலில் கிடந்த இஸ்திரி மேசை கண்ட்ரோல் ரூம் ஆனது. எந்தத் தெரு ஒருவழிப் பாதை, எந்தத் தெருவைத் தோண்டிப் போட்டிருக்கிறார்கள் என்பதெல்லாம் அவர் தலைக்குள் இருந்தது. டிரைவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. மீசை, பஞ்சர், மாப்பிள்ளை. அவரைவிட மூத்தவர்களுக்கும் அவர் அக்காதான்.

தண்ணீர் குடிக்கப் போனாலும், பாத்ரூம் போனாலும், லைனில் சொல்லிவிட்டுத்தான் எழுவார். "அக்கா எந்திரிக்கிறேன்." நாலைந்து குரல்கள் "சரிக்கா" என்னும். திரும்பி வந்ததும் "உக்காந்துட்டேன்" என்பார். அதுவரை யாரும் அவசரப்படுத்த மாட்டார்கள். பழக்க தோஷத்தில் சாப்பிட்டு எழும்போதும் சொல்லிவிடுவார். வெளியூரிலிருந்து மகன் வந்திருந்தால் "சரிக்கா" என்பான். முதுகில் ஒன்று விழும்.

ஒரு நாள் மத்தியானம் கம்பெனி, கேட்காமல் கொள்ளாமல் லேப்டாப்புக்கு ஓர் அப்டேட் அனுப்பியது. அணைந்து மறுபடி எழுந்தபோது எல்லாம் பழையபடியே தெரிந்தது. கொஞ்ச நேரத்தில் வைஃபை போனது. தானாக வந்தது. மறுபடி போனது. ஒவ்வொரு முறை போகும்போதும் கம்பெனியின் பதிவில் அக்கா பெயருக்கு நேராக 'இருக்கையில் இல்லை' என்று தானே விழுந்தது. அக்கா அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

கம்பெனியின் கணினிப் பிரிவுக்கு போன் செய்தார்.

"ரௌட்டரை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்கம்மா."

"பண்ணிட்டேன் தம்பி."

"அப்போ உங்க வீட்டுச் சுவர் தடிமனா இருக்கும். சிக்னல் வராது."

"நேத்து வரைக்கும் வந்துச்சே. ராத்திரியோட ராத்திரியா சுவர் சதை போட்டுச்சா?"

ரௌட்டருக்குப் பக்கத்தில் போய் உட்காரச் சொன்னார்கள். ரௌட்டர் வாசல் ஓரம், செருப்பு அலமாரிக்கு மேலே இருந்தது. ஒரு நாள் முழுக்கச் செருப்புகளுக்கு நடுவே உட்கார்ந்து சவாரி பிரித்தார். அங்கேயும் போனது.

பேசிக்கொண்டே இருந்தால் லைன் போவதில்லை, சும்மா காத்திருக்கும்போதுதான் போகிறது என்று இரண்டொரு நாளில் கண்டுகொண்டார். அதனால் ஓயாமல் பேசினார். டிராஃபிக் சிக்னல் நிலவரம் சொன்னார். பஞ்சரின் முதுகுவலிக்கு வைத்தியம் சொன்னார். ஒன்றும் கிடைக்காதபோது தெருப் பெயர்களை வரிசையாக ஒப்பித்தார்.

"அக்காவுக்கு என்ன ஆச்சு?" என்றார் மீசை.

"வாயை மூடினா லைன் போயிடுதுப்பா."

"எங்க வீட்ல வாயைத் திறந்தாத்தான்க்கா லைன் போகும்" என்றார் மாப்பிள்ளை.

வாரக் கடைசியில் தொண்டை கட்டிப்போனது. கூடவே சூப்பர்வைசரின் எச்சரிக்கையும் வந்தது: லைனில் தேவையில்லாத பேச்சு. பேசாவிட்டால் ஓடிப்போனவர், பேசினால் வாயாடி. இன்னொரு எச்சரிக்கை வந்தால் ஹெட்செட்டைத் திருப்பித் தர வேண்டியதுதான். அக்காவுக்கு அதுகூடப் பெரிதில்லை.

"உங்கப்பா ஆஸ்பத்திரியில கிடந்தப்பகூட சொல்லிட்டுத்தான்டா எந்திரிச்சேன்" என்றார் மகனிடம் போனில், காற்றாய்ப் போன குரலில். "நான் சொல்லாம ஓடுறவளா?"

மகன் அடுத்த பஸ்ஸில் வந்தான். அதே மேசையில் வைத்த அவன் போனில் வைஃபை ஒரு தரமும் போகவில்லை. சுவர் நிரபராதி. ரௌட்டரும் நிரபராதி. அப்டேட்தான், மின்சாரத்தை மிச்சம் பிடிக்க, வேலை இல்லாத நேரத்தில் வைஃபை கார்டை அணைத்துவிடு என்று ஓர் அமைப்பைப் போட்டுவிட்டிருந்தது. ஒரே ஒரு டிக் குறி. அதை எடுக்கக் கம்பெனியின் பாஸ்வேர்டு வேண்டும்.

"அதெல்லாம் நீங்க தொடக் கூடாது சார்" என்றான் போனில் கணினிப் பிரிவுக்காரன்.

"நான் தொடல. நீங்களே தொடுங்க."

"முதல்ல ரௌட்டரை ஆஃப் பண்ணி..."

"அந்த ரௌட்டர் உங்களுக்கு என்னப்பா பாவம் பண்ணுச்சு?" என்றார் அக்கா பின்னாலிருந்து.

கடைசியில் அவன் அங்கிருந்தபடியே லேப்டாப்புக்குள் வந்தான். திரையில் அம்புக்குறி தானாக ஊர்ந்தது. இங்கும் அங்கும் திறந்து பார்த்தான். "லைன் நல்லாத்தானே சார் இருக்கு? போகவே இல்லையே."

"நீங்க நோண்டிட்டே இருக்கீங்க, அதான் போகல. கையை எடுத்துட்டுக் கொஞ்சம் சும்மா இருங்க."

அவன் கையை எடுத்தான். மூன்று பேரும் பேசாமல் காத்திருந்தார்கள். லைன் போனது. கம்பெனியின் பக்கம், அவன் கண்ணெதிரே, 'இருக்கையில் இல்லை' விழுந்தது. லைன் திரும்பி வந்ததும் டிக்கை எடுத்தான். மன்னிப்பு கேட்கவில்லை.

அன்று சாயங்காலம் அக்கா வாயே திறக்கவில்லை. லைன் போகவில்லை. டிரைவர்கள்தான் பயந்துபோனார்கள்.

"அக்கா, இருக்கீங்களா?"

"இருக்கேன்."

பழைய பதிவுகளை அழிக்கச் சொல்லி அக்கா சூப்பர்வைசரைக் கூப்பிட்டார்.

"சிஸ்டத்துல ஏறினதை எடுக்க முடியாதும்மா."

"ஏத்தினது யாரு?"

"சிஸ்டம்தான்."

"அப்போ அந்த சிஸ்டத்தைக் கூப்பிடு, நான் பேசிக்கிறேன்."

அதற்குப் பிறகும் விடாமல் கேட்டுக்கொண்டிருந்தார். பார்க்கிறோம் என்றார்கள். கணினிப் பிரிவுக்காரன் தன் கண்ணால் பார்த்ததை யாரும் எழுதவில்லை.

ஒரு காலையில் லைனில் இருக்கும்போதே நெஞ்சு வலித்தது. பக்கத்து வீட்டுக்காரர்கள் கைத்தாங்கலாகப் பிடித்தபோது, மைக்கை இழுத்து "அக்கா எந்திரிக்கிறேன்" என்றார். "சரிக்கா" என்றார்கள். அடக்கத்தன்று மீசை மகனிடம் சொன்னார்: "அன்னிக்கு ராத்திரி வரைக்கும் யாரும் லைனை விட்டுப் போகல தம்பி. உக்காந்துட்டேன்னு சொல்லுவாங்கன்னு இருந்தோம்."

கம்பெனிக்கு அந்தப் பொறுமை இல்லை. லேப்டாப்பும் ஹெட்செட்டும் திரும்ப வேண்டுமாம். மகன் கொண்டு போனான். லேப்டாப்பை மேசை மேல் வைத்துவிட்டு, பதிவைத் திருத்தச் சொன்னான்.

"அவங்கதான் இப்ப இல்லையே சார். இனிமே எதுக்கு?" என்றார் சூப்பர்வைசர்.

"இருந்தப்போ இருந்தாங்க. அதை எழுதுங்க."

"ஹெட்செட்?"

"எழுதுங்க. தர்றேன்."

ஹெட்செட் இன்னும் மகனிடம்தான் இருக்கிறது.