சித்ராதேவி வேண்டாமென்ற வேலை

பெரியாத்தாள் எனக்குச் சித்தப்பன் மகள். புருஷன் செத்தபின் இரண்டு பெண்களோடு அனுப்பர்பாளையத்தில் சொந்தமாகக் கம்பெனி நடத்திய தம்பி கிட்டுசாமியை அண்டியிருந்தாள். மூத்தவள் சித்ராதேவிக்கு வயது ஏறியது, புத்தி ஏழு வயதோடு நின்றுவிட்டது. இளையவள் விஜயராணி.

சித்ராதேவி போனது அவளைப் போன்ற பிள்ளைகளுக்கான பள்ளிக்கூடம். பதினெட்டு வயதோடு சரி. அப்புறம் என்ன செய்வதென்று அந்தப் பிள்ளையையே உட்காரவைத்துக் கேட்டு எழுதுவார்கள். மெஹ்ஜபின் டீச்சர் அவளைப் பெருமாநல்லூரில் ஒரு பனியன் கம்பெனியில் பத்து நாள் விட்டுப் பார்த்தார். ஓட்டை விழுந்ததை, கறை பட்டதைத் தனியே எடுத்துப் போடும் வேலை. ஒன்றைக்கூட அவள் தவறவிடவில்லை. சேர்த்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டார்கள். பிறகு தினமும் விடிந்ததும், "நானு கம்பெனிக்கு" என்று தலைசீவி நிற்பாள்.

அது 2006. விஜயராணிக்குப் பெருமாநல்லூரிலேயே வரன் பேசியிருந்தது. இப்படியொரு அக்கா இருப்பதை மாப்பிள்ளை வீட்டுக்குச் சொல்லவில்லை.

அவள் விருப்பத்தைக் கேட்டு எழுதும் நாளில் நாங்கள் நால்வரும் பள்ளிக்கூடம் போகும் வழியில், கிட்டுசாமி அவளுக்குத் தேங்காய் பன் வாங்கிக் கொடுத்தான்.

"கண்ணு, ராணி கல்யாணத்துல பட்டுச்சீல கட்டி முன்னால நிக்கோணுமா, வேண்டாமா?"

"நிக்கோணும் மாமா."

"கம்பெனிக்குப் போனா லீவு உடமாட்டாங்க சாமி. டீச்சர் கேட்டா என்ன சொல்லுவ?"

மெல்லுவதை நிறுத்தி யோசித்தாள். "போகலைன்னு."

"அப்படிச் சொல்லு! எங்கக்கா பெத்ததுல நீதான் புத்திசாலி."

பெரியாத்தாள் ரோட்டைப் பார்த்தாள். கிட்டுசாமியின் கம்பெனி வாசலில் வாட்ச்மேனாயிருந்த நான் பன் சுற்றிய காகிதத்தை மடித்தேன்.

டீச்சர் மூன்று தரம் கேட்டார். மூன்று தரமும், "போகலீங்க டீச்சர்."

கிட்டுசாமி கையை விரித்தான். "அவ விருப்பந்தான் முக்கியம்னு நீங்கதானுங்களே சொன்னீங்க?"

டீச்சர் எழுதிய தாளில் சித்ராதேவி நாக்கைக் கடித்துக்கொண்டு, எழுத்து எழுத்தாய்க் கையெழுத்துப் போட்டாள்.

மறுவாரமே அவளைக் கொமரலிங்கத்தில் பெரியாத்தாளின் நாத்தனார் பழனாயி தோட்டத்துக்கு அனுப்பிவிட்டார்கள். சாணி அள்ள ஆள் கிடைத்ததில் பழனாயிக்குச் சந்தோஷம். கல்யாணத்துக்கு அழைத்துவரவில்லை. பந்தியில் நான் இரண்டு தரம் பாயசம் வாங்கினேன்.

இரண்டு வருஷம் கழித்து, டீச்சர் விசாரித்துக்கொண்டு வந்து என்னை வழிகாட்டக் கூப்பிட்டார். விஜயராணி பிள்ளைக்கு அதற்குள் காதுகுத்தே முடிந்திருந்தது.

"அந்தக் கம்பெனியில இப்பவும் எடுத்துக்கறாங்க. வர்றியா சித்ரா?"

மாட்டுக்கொட்டகையிலிருந்து வந்தவள் கையைப் பாவாடையில் துடைத்தாள்.

"போகலீங்க டீச்சர். லீவு உடமாட்டாங்க. ராணி கல்யாணம் வருதுங்க."

டீச்சர் என்னைப் பார்த்தார். நான் செருப்பை மாட்டினேன்.

"பாத்தீங்களா?" என்றாள் பழனாயி. "நாங்க ஒண்ணும் புடிச்சு வெக்கலீங்க."