ரொபின் பாஸ் ஏறிய நான்கு படகுகள்

ரொபின் பாஸ் தன்னுடைய படகுப் பட்டறையை விற்று இந்தப் பங்குனியோடு ஒரு வருடம் ஆகிறது. அந்த வருடம் அவருக்கு எப்படிப் போனது என்று கல்லடிக் கடற்கரையில் யாரிடம் கேட்டாலும் ஒரேயொரு நாளைப் பற்றித்தான் சொல்வார்கள். அது என் தம்பி சிவதர்ஷன் கடலோடு போன நாள். மற்ற நாட்களும் எனக்குத் தெரியும். அவர் வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவே இரண்டு ஒழுங்கைகள்தான்.

டச்பாரில் பிறந்த பறங்கியர் அவர். கைத்தொழில் தெரிந்தவர்களை எங்கள் பக்கத்தில் பாஸ் என்றுதான் கூப்பிடுவார்கள். சுனாமிக்கு அடுத்த வருடம், கரையில் ஒரு படகும் மிஞ்சாமல் கிடந்தபோது, வாவிக்கரையில் ஒரு தகரக் கொட்டகை போட்டு பைபர் படகு செய்யத் தொடங்கினார். பிறகு எங்கள் கரையில் இழுத்து வைத்திருக்கும் படகுகளில் பாதிக்கு மேல் அவர் செய்ததுதான். மூக்குப் பக்கத்தில் நீல எழுத்தில் ‘ரொபின்’ என்று இருக்கும்.

அவரிடம் ஒரு வழக்கம் இருந்தது. புதுப் படகு முதல்முதல் தண்ணீரில் இறங்கும்போது அதைச் செய்தவர் ஏறவேண்டும். ஏறி, எஞ்சின் பூட்டுகிற பின்பலகையோடு ஒட்டி உட்கார்ந்து, கல்லடிப் பாலம் வரைக்கும் போய்த் திரும்பவேண்டும். ஒரு படகில் முதலில் விட்டுப்போகக்கூடிய இடம் அந்தப் பின்பலகைதான். செய்தவர் தன் உடம்பைக் கொண்டுபோய் அங்கே வைக்கிறார். வாங்குகிறவர்கள் உத்தரவாதம், பத்திரம் ஒன்றும் கேட்பதில்லை. “பாஸ் ஏறிற்றாரா?” என்று மட்டும் கேட்பார்கள்.

இருமல்தான் அவரை விற்க வைத்தது. பைபர் தூள் நெஞ்சில் படிந்துவிட்டது என்றார் டாக்டர். மகன் மல்கம் மெல்பேர்னில். அவருக்குப் படகில் விருப்பமில்லை. ஆரையம்பதிப் பெடியன் நிலோஜன் கட்டாரில் தண்ணீர்த் தாங்கி செய்யும் கம்பனியில் பல வருடம் பைபர் வேலை பார்த்துவிட்டு வந்திருந்தான். அமைதியான, மரியாதை தெரிந்த பெடியன். கொட்டகை, அச்சு, பெயர் எல்லாவற்றையும் சேர்த்து வாங்கினான். ‘ரொபின்’ என்ற எழுத்து இனியும் படகில் இருக்கும் என்பது பேச்சு. அதில் ரொபின் பாஸுக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

முதல் இரண்டு மாதமும் அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. விடிய எழும்பிப் பழைய காற்சட்டையைப் போட்டுக்கொண்டு வாசலில் நிற்பாராம். மனைவி ஜிலியன் அன்ரி சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

“எங்க போறீங்க?”

“காத்து வாங்க.”

“காத்து வாங்க எதுக்கு ரெசின் ஒட்டின காற்சட்டை? வித்தாச்சு. உள்ளுக்கு வாங்க.”

ஆனியில் இருவரும் மெல்பேர்ன் போனார்கள். குளிர் பிடிக்காமல் ஆடி முடிவில் திரும்பி வந்தார்கள். அங்கே மகன் அவரை ஒரு துறைக்குக் கூட்டிப்போய்ப் படகுகளைக் காட்டினாராம். “நல்ல வடிவான போட்டுகள் புள்ள,” என்றார் என்னிடம். “ஒண்டுலயாவது மீன் மணக்கோணுமே. ஆஸ்பத்திரி மாதிரிக் கழுவி வச்சிருக்கானுகள்.”

ஆவணியில் நிலோஜன் வெற்றிலைத் தட்டோடு அவர் வீட்டுக்கு வந்தான்.

“அங்கிள், நான் செஞ்ச முதல் போட் முடிஞ்சிற்று. நீங்க ஏறினாத்தான் எடுப்பம் எண்டு ஆக்கள் நிக்கிறாங்க. ஒருக்கா வந்திற்றுப் போங்களன்.”

ஜிலியன் அன்ரிக்கு அது பிடிக்கவில்லை. “அவன் செஞ்ச போட்டுக்கு நீங்க என்ன, மாப்பிள்ளைத் தோழனா?”

“ஒரு சுத்துத்தானே ஜிலி. பெடியன் மரியாதைக்குக் கூப்பிடுறான்.”

சவரம் செய்து, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு போனார். அன்றைக்கு அவர் முகத்தைப் பார்த்தவர்கள் விற்றதற்குப் பிறகு இப்போதுதான் மனிதன் சிரிக்கிறார் என்றார்கள். ஐப்பசி முடிவதற்குள் நான்கு படகுகளில் அப்படி ஏறினார். மூன்றாவது என் தம்பியுடையது.

அன்றைக்கு நானும் வாவிக்கரையில் நின்றேன். அம்மா தேங்காய் உடைத்துச் சாம்பிராணி காட்டினா. தம்பிக்கு வாய் சும்மா இருக்காது.

“பாஸ், மெல்பேர்ன் சாப்பாடு நல்லாப் பிடிச்சிற்றுப் போல. போட் பின்னுக்குத் தாழுது.”

“உன்ட எஞ்சின விட நான் பாரமில்லடா. ஓட்டு, கதைக்காம.”

அம்மா கரையிலிருந்து கண்ணைச் சுருக்கிப் பார்த்தா. “பாஸ் பின்பலகையிலதானே இரிக்காரு?” என்று என்னிடம் கேட்டா. ஓம் என்றேன். வாவி கண்ணாடி மாதிரிக் கிடந்தது. படகு பாலம் வரைக்கும் போய்த் திரும்பியது.

கார்த்திகையில் இரண்டு நாள் மழை விட்டது. தம்பியும் மாமியின் மகன் தனோஜனும் கடலுக்குப் போனார்கள். தனோஜன் மட்டும் திரும்பி வந்தான். ஐஸ் பெட்டி மூடியைப் பிடித்துக்கொண்டு மிதந்த அவனை வேறொரு படகு ஏற்றி வந்தது. அவன் சொன்னது எனக்கு அப்போது விளங்கவேயில்லை.

“சத்தம் கூட இல்ல மச்சாள். நான் வலையப் பாத்துக்கிட்டு நிண்டன். திரும்பினா பின்பலகை இல்ல. எஞ்சினும் இல்ல. எஞ்சினப் பிடிச்சிக்கிட்டு இருந்தவனும் இல்ல. கடல்தான் உள்ளுக்கு வருது.”

தம்பியை மறுநாள் நாவலடிக் கரையில் எடுத்தார்கள். இழுத்து வந்த படகின் பின்பக்கம் திறந்து கிடந்தது. ரொபின் என்று எழுதிய படகு இப்படி விட்டுப்போனதை அந்தக் கரை அதற்கு முன் கண்டதில்லை.

செத்தவீடு முடிந்த பிறகு ரொபின் பாஸ் எங்கள் வீட்டுக்கு வந்தார். கையில் அந்தப் படகிலிருந்து பிய்ந்த பைபர் துண்டு ஒன்று. என் உள்ளங்கையில் அதை வைத்தார்.

“நகத்தால கீறிப் பார் புள்ள.”

கீறினேன். சவர்க்காரத்தில் கீறியது போலக் கோடு விழுந்தது. செய்து இத்தனை நாளாகியும் மருந்து மணம் போகவில்லை.

“இது இறுகல்ல. எப்பவும் இறுகியிருக்காது. இறுக்கிற மருந்து காணாது.”

“ஏன் பாஸ் குறைச்சுப் போட்டீங்க?” என்று கேட்டேன். கோபத்தில் கேட்கவில்லை. தெரியாமல்தான் கேட்டேன்.

“நான் போடல்ல. இந்தப் போட்டுல நான் கையே வைக்கல்ல.”

அவர் பட்டறையை விற்றது எல்லோருக்கும் தெரியும். ஆனால் நாங்கள் நினைத்திருந்தது வேறு. உரிமை நிலோஜனுக்கு, கை இன்னும் பாஸுடையது என்றுதான் நினைத்திருந்தோம். இல்லாவிட்டால் எதற்கு ஏறுகிறார்?

“அப்ப ஏன் ஏறினீங்க?”

“கூப்பிட்டான். ஏறினன்.”

உள்ளே பாயில் கிடந்த அம்மா எழும்பி வந்து கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றா. அழவில்லை. “உங்களப் பாத்துத்தானே பாஸ் புள்ளையக் கடலுக்கு விட்டன்,” என்றா. ரொபின் பாஸ் தலையாட்டினார். துண்டை எடுக்காமலே போய்விட்டார்.

நேரே நிலோஜனிடம் போயிருக்கிறார். பிறகு நடந்ததை அவரே எனக்குச் சொன்னார். நிலோஜன் கொட்டகைக்குள் சீமெந்துத் தரையில் குந்தியிருந்தானாம். கட்டார் வெயிலில் மருந்தைக் கூட்டினால் ரெசின் பசை வாளிக்குள்ளேயே கட்டிபட்டுவிடும். அதனால் அங்கே குறைத்துத்தான் கலப்பார்கள். அவன் கை அந்த அளவுக்குப் பழகிவிட்டது. வாவிக்கரை ஈரத்துக்கு அது போதாது என்பது அவனுக்குத் தோன்றவேயில்லை. மேலுக்குப் பார்த்தால் காய்ந்தது மாதிரித்தான் இருந்தது.

“நீங்க தட்டிப் பாத்திற்றுத்தானே ஏறுறீங்க எண்டு நெனச்சன் அங்கிள். பிழையெண்டா சொல்லுவீங்கதானே எண்டு இருந்தன்.”

ரொபின் பாஸ் தட்டிப் பார்க்கவில்லை. தன்னை மரியாதைக்குக் கூப்பிட்டிருக்கிறான் என்று அவர் நினைத்தார். அவர் படகைச் சோதிக்கிறார் என்று அவன் நினைத்தான். அவரே செய்து அவரே ஏறுகிறார் என்று நாங்கள் நினைத்தோம். மூன்று பேரும் ஒரே படகைத்தான் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறோம்.

நிலோஜன் கொட்டகையைப் பூட்டிவிட்டுத் தானாகவே பொலிசுக்குப் போனான். மற்ற மூன்று படகுகள் அப்போதும் கடலுக்குப் போய்வந்துகொண்டிருந்தன. ரொபின் பாஸ் அன்றைக்கே போய்ச் சொல்ல, அவற்றில் இரண்டை வாங்கியிருந்த நாவலடிக்காரர் இருவரும் படகைக் கரையில் இழுத்துவிட்டார்கள். கடைசிப் படகு பெரியகல்லாற்றில் இராசதுரை என்பவரிடம் இருந்தது. அவர் கேட்கவில்லை.

“நீங்க ஏறினத்த நான் கண்ணால பாத்தன்,” என்றாராம். “இப்ப வந்து அது சும்மா ஏறினது எண்டுறீங்க. நான் எத நம்புற? அண்டைக்கு ஏறினவரையா, இண்டைக்கு வந்து நிக்கிறவரையா?”

ரொபின் பாஸ் மறுபடியும் போனார். அந்த முறை இராசதுரை சிரித்துவிட்டார். “பாஸுக்கு வித்தது மனசுக்கு ஏலாமப் போயிற்று. வாங்கினவன்ட பேரக் கெடுத்து, கடைய அடைச்சுப் போட்டுத் திரும்பத் தான் திறக்கப் பாக்காரு.” நின்றவர்களும் சிரித்தார்கள். மீன்பிடி அலுவலகத்துக்கும் போய்ச் சொன்னார். வந்து பார்ப்பதாகச் சொன்னார்கள். அதுவரைக்கும் இராசதுரை ஒவ்வொரு பின்னேரமும் மருமகனை ஏற்றிக்கொண்டு கடலுக்குப் போய்க்கொண்டிருந்தார்.

ரொபின் பாஸுக்குச் சாப்பாடு இறங்கவில்லை என்று ஜிலியன் அன்ரி வந்து சொன்னார். பின்னேரமானால் வாசலில் நின்று தெற்கே பெரியகல்லாறு இருக்கும் பக்கமாகவே பார்த்துக்கொண்டிருப்பாராம். அடுத்த நாள் மத்தியானம் அவரே வந்தார்.

“நீ வந்து ஒரு சொல் சொன்னாக் கேப்பான் புள்ள.”

துடக்கு, அதாவது சாவுத் தீட்டு, கழிகிற முப்பத்தோராம் நாள் இன்னும் வரவில்லை. செத்தவீட்டுப் பெண் வாசல் தாண்டக்கூடாது. நான் அம்மாவைப் பார்த்தேன்.

“போ,” என்றா. “மறுகா ஆரும் கதைச்சாக் கதைக்கட்டும்.”

ஓட்டோவில் போய்ப் பெரியகல்லாற்றுக் கரையில் இறங்கினோம். படகு உருளைக் கட்டைகளில் ஏறி, மூக்கு கடலைப் பார்த்து நின்றது. மருமகன் பெற்றோல் கானோடு உள்ளே நின்றான். தள்ளுவதற்கு நான்கைந்து பேர். ரொபின் பாஸைக் கண்டதும் இராசதுரை முகத்தைத் திருப்பினார். நான் யார் என்று தெரிந்ததும் தலையிலிருந்த துவாயை எடுத்துவிட்டார்.

“கேள்விப்பட்டன் புள்ள. பெரிய அநியாயம். ஆனா நீ இஞ்ச வந்திருக்கப்படாது. துடக்குக் கழியல்லத்தானே.”

“தம்பியும் உங்களப் போலதான். பாஸ் ஏறினத்தப் பாத்திற்றுத்தான் வாங்கினான்.”

“அது அவன்ட விதி. என்ட போட்டுக்கு ஒண்டுமில்ல. பேசாமப் போ மகள், நேரம் போகுது.” தள்ளுகிறவர்களுக்குக் கையைக் காட்டினார்.

அவர்கள் தோளைக் கொடுத்தார்கள். படகு அசைந்தது. நான் என்ன செய்யப்போகிறேன் என்று எனக்கே தெரியாது. இரண்டடி முன்னால் போய், இரண்டு கையையும் அந்தப் பின்பலகையில் வைத்தேன்.

தள்ளினவர்கள் அப்படியே விட்டுவிட்டு விலகினார்கள். துடக்குக்காரி தொட்ட படகு கடலுக்குப் போகாது. மஞ்சள் தண்ணீர் தெளித்து, கோயிலில் பூசை செய்து, அதன்பிறகுதான் தண்ணீரில் இறக்குவார்கள். அந்தக் கரையில் நின்ற எல்லோருக்கும் அது தெரியும். ரொபின் பாஸ் கிறிஸ்தவ வேதக்காரர். துடக்கு படகையும் பிடிக்கும் என்பது அவருக்குத் தெரியாது. “என்ன புள்ள, என்ன நடந்தது?” என்று என்னையும் மற்றவர்களையும் மாறிமாறிப் பார்த்தார்.

இராசதுரை மணலில் இருந்துவிட்டார். “என்ன வேல செஞ்சிற்றாய் நீ,” என்றார். ஏசவில்லை. பக்கத்தில் நின்ற ஒருவர் என்னைப் பார்க்காமல், “இண்டைக்கு இனி ஏலாது பாஸ், அவ தொட்டிற்றா,” என்று சொன்ன பிறகுதான் ரொபின் பாஸுக்கு விளங்கியது.

அவர் இராசதுரைக்குப் பக்கத்தில் போய்க் குனிந்தார்.

“இண்டைக்குப் போகமாட்டீங்கதானே. அப்ப ஒருக்காப் பாக்க விடுங்க. நல்லா இருந்தா நான் இனி இந்தப் பக்கம் தலை காட்ட மாட்டன்.”

இராசதுரை தடுக்கவில்லை. ரொபின் பாஸ் ஒரு மீன் கத்தியை வாங்கி, எஞ்சின் பூட்டின இடத்துக்குக் கீழே குத்தினார். கத்தி இறங்கியது. இழுத்தார். மேலே ஒட்டிய பைபர் பாய் ஈரக் கடதாசி போல உரிந்து வந்தது. உள்ளே பலகை கறுத்து நனைந்திருந்தது. ஒரு கோடாகத் தண்ணீர் வடிந்து மணலில் விழுந்தது.

இராசதுரை எழும்பி வந்து அந்தப் பிளவுக்குள் விரலை விட்டார். எடுத்து மணந்து பார்த்தார். படகுக்குள் இன்னும் கானைப் பிடித்தபடி நின்ற மருமகனை நிமிர்ந்து பார்த்தார். அவருடைய மகளுக்குக் கலியாணம் முடிந்து ஒரு வருடம்கூட இல்லை என்று பிறகு சொன்னார்கள்.

“மருமகன்,” என்றார். “இறங்கு. எஞ்சினக் கழட்டு.”

ஆணிகள் உப்பில் பிடித்துப்போய்க் கிடந்தன. கழற்ற நேரம் எடுத்தது. எஞ்சினைத் தூக்கும்போது ஒரு பக்கத்தை ரொபின் பாஸ் பிடித்தார். அவருக்கு இருமல் வந்தது. இராசதுரை அந்தப் பக்கத்தையும் தான் வாங்கிக்கொண்டார்.